உருளை இலைக்குள் புழுவா? இதைச் செய், தங்கச்சி

ஆக்லாந்தில் கோடை பிறந்ததும் உருளை, தக்காளி, கத்தரி இலைகளில் பழுப்புக் கொப்புளம் தெரிந்தால், ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார். இரண்டு தோலுக்கும் நடுவே சின்னப் புழு நெளிந்தால், அது உருளைக்கிழங்கு அந்துப்பூச்சியின் புழு. தென் அமெரிக்கப் பூச்சி இது; இந்தியாவுக்கும் 1906-இல் இத்தாலி விதைக்கிழங்கோடு வந்து சேர்ந்தது. இலை கொஞ்சம் போனால் போகட்டும், கிழங்கைக் காப்பாற்றுவோம்.

நடும் காலம்: ஜூலைக் கடைசி அல்லது ஆகஸ்டில் ராக்கெட், ஜெர்சி பென்னி போன்ற குறுகிய கால ரகங்களை நடு. கிறிஸ்துமஸுக்குள் தோண்டிவிடலாம். பூச்சி பெருகுவது அதற்குப் பிறகு வரும் வறண்ட மாதங்களில்.

மண் அணை: இதுதான் முக்கியம். கிழங்குக்கு மேல் எப்போதும் 5 செ.மீ.க்குக் குறையாமல் மண் இருக்கட்டும். கிழங்கில் பச்சையும் ஏறாது.

ஈரம் காக்க: இங்கத்திய களிமண் காய்ந்தால் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகத்தான் பூச்சி கிழங்கை எட்டும். தண்ணீர் விட்டு, மேலே வைக்கோல் பரப்பு.

அக்கம்பக்கம்: மணத்தக்காளி, ஊமத்தை, வேலியோரம் வளரும் போரோபோரோ எல்லாமே இதற்குத் தீனி. மணத்தக்காளியைப் பிடுங்க மனசு வராதுதான். உருளைப் பாத்தியை விட்டுத் தள்ளித் தொட்டியில் வை. போன வருஷக் கிழங்கு தானாக முளைத்தால் பிடுங்கிவிடு.

மருந்துக்குப் பதில் வலை: இலைக்குள் இருக்கும் புழுவை மருந்து எட்டுவது கடினம், புழுவை அழிக்கும் குட்டிக் குளவிகள்தான் சாகும். நட்டதுமே நுண்வலை போர்த்தி, ஓரங்களை மண்ணில் புதை. கிழங்கு விளைய மகரந்தச் சேர்க்கை தேவையில்லை, பயப்படாதே. 2006-இல் நியூசிலாந்தில் கண்டறியப்பட்ட தக்காளி உருளை சில்லிட் பூச்சிக்கும் இதே வலை தடை.

தோண்டும் நாள்: எடுத்த கிழங்கை இரவில் பாத்தியில் விடாதே. வெட்டிய தழையால் மூடவும் கூடாது. தழை வாடினால் புழு கிழங்குக்கு இறங்கும்.

சேமிப்பு: இருட்டான, குளிர்ந்த இடத்தில் வை. சுமார் 10 டிகிரிக்குக் கீழே புழு வளர்வது அரிது. காய்ந்த யூகலிப்டஸ் இலையை அடியிலும் மேலேயும் பரப்பு. வாரம் ஒருமுறை கிளறிப் பார். கண்ணருகே கரும்பொடி தெரியும் கிழங்கை அன்றைக்கே எடுத்துவிடு. அதை வீட்டு உரக்குழியில் போடாமல், கவுன்சிலின் உணவுக்கழிவுத் தொட்டியில் போட்டு இறுக்கி மூடு.