சிறார் வளர்ச்சியும் செயல்முறை மருத்துவமும்

தொழில் என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே உழவும் நெசவும் தச்சும் வாணிகமும் நம் நினைவிற்கு வருகின்றன. பொருள் ஈட்டுவதே தொழில் என்று கருதிப் பழகிவிட்டோம். ஆயின், பொருள் ஈட்டாத குழந்தைக்கும் தொழில்கள் உள. கவிழ்தல், தவழ்தல், கைகொட்டல், மண்ணை அளைதல், தானே எடுத்து உண்ணல், சட்டை அணிதல், எழுதப் பழகுதல், ஏனைச் சிறாரொடு கூடி விளையாடல் என்னும் இவையெல்லாம் குழந்தையின் தொழில்களே. இவற்றைச் செய்ய இடர்ப்படுஞ் சிறார்க்குத் துணைபுரியும் ஒரு கலை இன்று செயல்முறை மருத்துவம் என்னும் பெயரால் வழங்குகின்றது. அஃது இல்லத்தினும் பள்ளியினும் சிறாரின் வளர்ச்சிக்கு எங்ஙனம் உதவுகின்றது என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

தமிழ் பயில்வார்க்கு இக்கருத்து முற்றும் புதுவதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் குழந்தைப் பருவத்தைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுகின்றது. ஐந்தாந் திங்களளவில், குழந்தை ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டிக் கைகளை நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. ஒன்பதாந் திங்களளவில் இருகைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. அடியெடுத்து நடந்துவருவது வருகை. பின்னர், ஆண்பாற் பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தலும் சிறுபறை கொட்டலும் சிறுதேர் உருட்டலும், பெண்பாற் பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும் முதலியன கூறப்படுகின்றன. இவற்றைச் செயல்முறை மருத்துவர் தம் கண்கொண்டு நோக்குவாராயின், செங்கீரை கழுத்தையும் தோளையும் உரப்படுத்துகின்றது என்பார். சப்பாணி இருகைகளையும் உடலின் நடுவே ஒன்றுகூட்டுகின்றது என்பார். அம்மானை கண்ணையும் கையையும் இணைக்கின்றது என்பார். ஊசல் உடலின் சமநிலையைப் பயிற்றுகின்றது என்பார். புலவர் இன்பம் நோக்கிப் பாடினர். மருத்துவர் பயன் நோக்கி ஆராய்கின்றனர். இருவரும் கண்டது ஒரே குழந்தையைத்தான்.

ஆயினும், எல்லாக் குழந்தைகளும் இப்படிகளை எளிதில் ஏறிவிடுவதில்லை. மூளை முடக்குவாதத்தாற் கைகால் இறுகிய குழந்தைகள் உளர். மதியிறுக்கம் உடைய குழந்தைகள் உளர். இவர்தம் குறை பிறர் கண்ணுக்குப் புலனாகும். புலனாகாத இடர்ப்பாடு உடையாரும் பலர். அத்தகைய சிறுவன் ஒருவனை யாம் கண்டதுண்டு.

சென்ற ஆண்டு யாமும் எம் தோழர் சிலரும் சனிக்கிழமைதோறும் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குச் சென்று சிறுவர்க்குப் பாடஞ் சொல்லி வந்தோம். அங்கே எட்டு அகவைச் சிறுவன் ஒருவன் இருந்தான். கதை கேட்டால் வரி தவறாது திருப்பிச் சொல்லுவான். வாய்க்கணக்கில் அவனை வெல்வார் இலர். ஆனால் எழுதச் சொன்னாலோ, நான்கு வரிக்கு ஒரு நாழிகை கடக்கும். பென்சிலை அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழியும். எழுத்துக்கள் கோட்டைவிட்டு மேலும் கீழும் ஓடும். அவன் சட்டைப் பொத்தான்கள் ஒருநாளும் உரிய துளையில் இருந்ததில்லை. ‘சோம்பேறி’ என்பதே வகுப்பில் அவனுக்கு வழங்கிய பெயர். யாமும் அப்பெயரை நம்பினோம். ஒருநாள், எழுதி முடித்தாலன்றி விளையாடப் போகலாகாது என்று அவனைத் தனியே இருத்திவைத்தோம். மாலையில் அவன் தன் விரல்களைப் பிசைந்துகொண்டு, “கை நோவுது அண்ணா” என்றான். அதனையும் சாக்கென்றே கொண்டோம்.

முயலாமை வேறு, இயலாமை வேறு. முயலாதவனைக் கண்டிப்பது ஒருவேளை முறையாகலாம். இயலாதவனைக் கண்டிப்பது கொடுமையே. அறிவிற் குறைவின்றியும், கைகால்களை ஒழுங்குற இயக்குந் திறன் மட்டும் அகவைக்கேற்ப வாராத நிலை ஒன்றுண்டு என்றும், பள்ளிச் சிறார் நூற்றுவருள் ஏறத்தாழ ஐவர் அறுவர்க்கு அஃது இருக்கும் என்றும் மருத்துவ நூலார் கூறுகின்றனர். அங்ஙனமாயின், நாற்பதின்மர் பயிலும் வகுப்பொன்றில் அத்தகையார் இருவர் இருத்தல் கூடும். அவ்விருவர்க்கும் நாம் இடும் பெயர் யாது என்பதே ஈண்டுச் சிந்திக்கற்பாலது.

இனி, இக்கலையின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். மனநோயாளரைச் சங்கிலியாற் பிணித்து வைத்திருந்த காலத்தே, இங்கிலாந்தில் யார்க்கு நகரில் வில்லியம் டியூக்கு என்னும் குவேக்கர் சமயத்தார் 1796இல் ஓர் இல்லம் நிறுவி, நோயாளரை அன்புடன் நடத்தித் தோட்டவேலை, தையல் முதலியவற்றில் ஈடுபடுத்தினார். செயலால் நோய் தணியும் என்னும் கொள்கைக்கு இது முன்னோடியாயிற்று. 1917ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நியூயார்க்கு மாநிலத்தைச் சேர்ந்த கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் அன்பர் சிலர் கூடி இக்கலைக்கென ஒரு சங்கம் கண்டனர். அவருள் ஜார்ஜ் பார்ட்டன் கட்டிடக் கலைஞர்; உடலின் ஒருபுறம் செயலற்றுப்போன துன்பத்தைத் தாமே துய்த்தவர். எலினார் கிளார்க் ஸ்லேகிள் என்னும் அம்மையாரும் அக்கூட்டத்தில் இருந்தார். உலகப் போர்களில் உறுப்பிழந்த போர்வீரர்க்குப் பணிபுரிந்ததால் இக்கலை பரவிற்று. நம் நாட்டில், அமெரிக்காவிற் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர் அம்மையார் 1950இல் மும்பையிலுள்ள கே. இ. எம். மருத்துவமனையில் இதனைத் தொடங்கிவைத்தார். 1952இல் உலகக் கூட்டமைப்பு ஒன்று தோன்றியபோது இந்தியாவும் அதனைத் தோற்றுவித்த நாடுகளுள் ஒன்றாயிற்று. நம் பக்கத்தே வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இக்கலை கற்பிக்கப்பட்டு வருகின்றது.

செயல்முறை மருத்துவர் குழந்தையிடம் வரும்பொழுது மூன்றனை நோக்குவர். குழந்தையின் ஆற்றல் யாது, செய்யவேண்டிய செயல் யாது, அது நிகழும் இடம் எத்தகையது என்பனவே அம்மூன்று. குழந்தையின் ஆற்றல் உடனே மாறாதாயினும், செயலைச் சிறு கூறுகளாகப் பகுக்கலாம், இடத்தைத் திருத்தலாம். பலகால் இவ்விரண்டுமே பெரும்பயன் தருகின்றன.

முதலில் இல்லத்தை நோக்குவாம். சட்டைக்குப் பொத்தான் இடத் தெரியாத குழந்தைக்கு அதனைக் கற்பிக்கும் முறை ஒன்று உண்டு. தாய் எல்லாப் பொத்தான்களையும் இட்டுக் கடைசிப் பொத்தானையும் துளையிற் பாதி நுழைத்துவிடுகின்றாள்; எஞ்சிய பாதியை இழுத்து விடுவது மட்டுமே குழந்தையின் வேலை. அது கைவந்தபின் கடைசிப் பொத்தான் முழுதும் குழந்தையினுடையது. அடுத்த கிழமை கடைசி இரண்டும் அதனுடையன. முதலிலிருந்து தொடங்கினால் குழந்தை நடுவே களைத்துத் தோல்வியோடு நிற்கும். கடைசியிலிருந்து தொடங்கினாலோ, ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவர் தாமே என்னும் மகிழ்ச்சி குழந்தைக்கு உண்டாகும்.

உணவும் அவ்வாறே. சிந்துமே என்று அஞ்சித் தாயே ஊட்டிக்கொண்டிருந்தால் கை பழகுவது எங்ஙனம்? குழந்தையின் சிறுகை அளைந்த கூழ் அமிழ்தினும் இனிது என்று வள்ளுவனார் கண்டது பெற்றோர் இன்பம். அவ்வளைதலே குழந்தைக்குப் பயிற்சியுமாகும். பிடி தளர்ந்த குழந்தைக்குக் கரண்டிக் காம்பில் துணி சுற்றிப் பருமனாக்கிக் கொடுத்தால் பிடிப்பு எளிதாகும். கால்கள் தொங்காமல் நிலத்திலேனும் மணையிலேனும் ஊன்றியிருந்தால் உடல் நிலைபெறும். உடல் நிலைபெற்றாலன்றிக் கை நிலைபெறாது.

நம் அடுக்களையே ஒரு பயிற்சிக்கூடம் எனலாம். சப்பாத்தி மாப் பிசைதல் உள்ளங்கையை உரப்படுத்தும். பட்டாணி உரித்தல், கீரை ஆய்தல், பயறு பொறுக்குதல் என்பன பெருவிரலும் சுட்டுவிரலும் கூடி வேலைசெய்யப் பழக்கும். இவற்றிற்குப் பொருட்செலவு இல்லை. வேண்டுவது தாய்தந்தையரின் பொறுமை ஒன்றே. பத்து நிமிடத்தில் தாய் முடிக்கும் வேலை குழந்தையின் கையில் அரைமணி நேரம் ஆகும். அதனைக் கொடுக்க மனம் ஒருப்படுதலே அரிது.

இனிப் பள்ளியை நோக்குவாம். யாம் மேற்கூறிய ஊருக்கு ஒருநாள் செயல்முறை மருத்துவ அம்மையார் ஒருவர் வந்தார். எம் வேண்டுகோளுக்கிணங்கி அச்சிறுவனை அரைமணி நேரம் யாதும் பேசாது நோக்கினார். பின்னர் எம்மை நோக்கி, “பெஞ்சில் இருக்கும்போது இவன் பாதம் தரையிற் படுகின்றதா, பார்த்தீர்களா?” என்று வினவினார். பன்முறை அவனெதிரே அமர்ந்திருந்தும் யாம் அதனைக் கண்டிலேம்! பெஞ்சு அவனுக்கு உயரம். மேசையோ அதனினும் உயரம். விழாதிருப்பதற்கே அவன் உடல்வலியிற் பாதி செலவாயிற்று. தோள் தளர்ந்தமையால் விரல்களை இறுக்கினான், விரல்களை இறுக்கியதால் தாள் கிழிந்தது, கையும் நொந்தது.

அம்மையார் கூறியவாறு, காலடியில் இரண்டு செங்கற்களும் மரப்பலகை ஒன்றும் இட்டோம். எழுதும் அட்டையைச் சற்றே சாய்த்து வைத்தோம். நீண்ட பென்சிலை விடுத்து, மூன்று விரல்களால் மட்டுமே பற்றத்தக்க துண்டுப் பென்சில் கொடுத்தோம். சுழியும் வளைவும் மிக்க எழுத்துக்களைச் சிலநாள் ஒதுக்கி, ட, ப என்னும் நேர்கோட்டெழுத்துக்களிலிருந்து மீண்டும் தொடங்கினோம். அவற்றை முதலில் மணலில் விரலால் எழுதச் செய்தோம். இம்முறை நம் திண்ணைப் பள்ளிகளுக்கு உரிய பழைய முறையேயாகும். 1787இல் சென்னை வந்து அனாதைச் சிறுவர் பள்ளியொன்றை நடத்திய ஆண்ட்ரு பெல் பாதிரியார், ஈண்டுச் சிறுவர் மணலில் எழுதுதலைக் கண்டு வியந்து தம் பள்ளியிற் கையாண்டு, பின்னர் இங்கிலாந்திலும் பரப்பினார். மணலில் தவறு நிலைப்பதில்லை. விரலின் உணர்ச்சியோ நிலைக்கின்றது.

கனடா நாட்டில் ஹெலன் பொலட்டாய்க்கோ முதலியோர் வகுத்த முறையொன்றையும் அம்மையார் எடுத்துரைத்தார். இலக்கைக் குழந்தையே குறிக்கவேண்டும், வழியை அதுவே எண்ணவேண்டும், செய்து பார்க்கவேண்டும், சரியாயிற்றா என்று தானே சோதிக்கவேண்டும். நாம் விடை சொல்லாது வினாக்களால் வழிகாட்ட வேண்டும். “உன் எழுத்துக்களில் உனக்கு மிகப் பிடித்தது எது?” என்று அவனைக் கேட்டபொழுது, அவன் நெடுநேரம் ஆராய்ந்து ஒரு ‘ப’ வைக் காட்டினான். தன் எழுத்தைப் பற்றி நல்லது ஒன்று உண்டு என்று அவன் எண்ணியது அதுவே முதன்முறை போலும்! மூன்று திங்கள் கழித்து, அரைப்பக்கம் தாள் கிழியாமல் எழுதினான். அழகிய எழுத்தன்று, ஆயின் படிக்கத்தக்க எழுத்து.

இக்கலையின் பெயரால் வழங்கும் எல்லா முறைகளும் ஒரே அளவிற் பயன்தருவன அல்ல என்பதையும் கூறுதல் நேர்மையாகும். ஜீன் அயர்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார், புலனுணர்ச்சிகள் மூளையில் ஒருங்கிணையாமையே கற்றற்குறைகள் சிலவற்றிற்குக் காரணம் என்று 1972இல் வெளியிட்ட நூலால் விளக்கினார். ஊஞ்சல், தூரிகைத் தேய்ப்பு முதலிய பயிற்சிகள் பல அக்காலந்தொட்டுப் பெருகின. ஆயின் அத்தகைய பயிற்சிகளுக்கு ஆராய்ச்சிச் சான்று குறைவு என்பதைப் பெற்றோர்க்கு அறிவித்தல் வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் அறிவுறுத்திற்று. எழுத்து வேண்டின் எழுத்தையும், உடுத்தல் வேண்டின் உடுத்தலையும் நேரே பயிற்றுதலே சிறந்தது என்பதற்குச் சான்று மிகுதியாக உளது. ஆதலால், பெரும்பொருள் வாங்கி விரைவிற் குணமாக்குவோம் என்பார் சொல்லைப் பெற்றோர் எளிதில் நம்பலாகாது.

சட்டமும் இத்துறையிற் கண்திறந்துள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மாற்றுத்திறனுடைய மாணவர்க்குத் தேர்வில் மிகுநேரம் அளித்தல், எழுதுவோரை அமர்த்துதல் முதலிய வசதிகளைக் கூறுகின்றது. எனினும், குழந்தையின் இடர்ப்பாட்டை ஒருவர் கண்டறிந்தாலன்றிச் சட்டம் அதன் மேசைவரை வந்து சேராது. சிற்றூர்ப் பள்ளிகள் யாவற்றிற்கும் செல்லுமளவு இம்மருத்துவர் தொகை இல்லை. ஆதலின் முதலிற் காணவேண்டியவர் பெற்றோரும் ஆசிரியருமே. நம் கல்லூரியிற் பயில்வாருட் பலர் நாளை ஆசிரியராவார். வகுப்பில் எழுதாத சிறுவனைக் காணும்பொழுது, கடிந்துரைக்குமுன் குனிந்து அவன் பாதங்களை நோக்குவாராயின், இக்கட்டுரை பயனுடையதாகும்.

நம் ஆண்டவர் ஒரு சிறுபிள்ளையை அழைத்துச் சீடர் நடுவே நிறுத்தினார் என்று திருமறை கூறுகின்றது. நாமும் வகுப்பில் ஒரு சிறுவனைப் பலர் நடுவே நிறுத்தினோம்; ஆனால் நாணுதற்பொருட்டே நிறுத்தினோம். அச்சிறுவனிடம் எம் பிழையைக் கூறி வருந்தியபோது, அவன் அதனை மறந்தே விட்டிருந்தான். விளையாடப் போகலாமா என்று மட்டுமே கேட்டான். போய் வா என்றோம்.