வெளிச்சமும் மடிப்பும் தெரிந்தால் வேலை உண்டு

காஞ்சிபுரம் காந்தி சாலைப் பட்டுக் கடைகளில், விவரம் தெரிந்த வாடிக்கையாளர் புடவையைத் தேர்ந்தெடுத்ததும் உடனே பணம் கட்டப் போக மாட்டார். "வாசல் பக்கம் கொண்டு வாங்க தம்பி, வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துடறேன்" என்பார். உள்ளே செக்கச்செவேல் என்றிருந்த அரக்கு, வாசலில் பழுப்பு கலந்து தெரியும். துணி அதேதான். மாறியது விளக்கும், அதை விரித்துப் பிடித்த விதமும்.

இந்த மாற்றத்தை முன்கூட்டியே அறிந்து சொல்லத் தெரிந்தவருக்குக் கடை விற்பனை, இணைய விற்பனைக்கான படப்பிடிப்பு, சாயத் தரச் சோதனை, முப்பரிமாண வரைகலை ஆகிய நான்கு துறைகளில் இடமுண்டு. ஏனாத்தூரில் சங்கரா பல்கலைக்கழகத்திலோ கலைக் கல்லூரியிலோ படித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசிப்பவர்கள், இதற்கான பாடப்பொருளைத் தேடி அலைய வேண்டாம். அம்மாவின் பீரோவில் ஒரு கல்யாணப் பட்டு இருந்தால் போதும்.

முதலில் தெரிய வேண்டியது

பட்டில் படும் ஒளியில் ஒரு பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பும். அதுதான் மினுமினுப்பு, அதில் விளக்கின் நிறம் இருக்கும். இன்னொரு பங்கு இழைக்குள் போய்ச் சாயத்தின் நிறத்தோடு வெளியே வரும். மல்பெரிப் பட்டிழையின் குறுக்குவெட்டு ஏறத்தாழ முக்கோணமாக இருப்பதால் அதன் மினுக்கு பருத்தியைவிடக் கூர்மையானது.

ஜரிகையின் கதை வேறு. பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி, தங்க முலாம் பூசியது அசல் ஜரிகை. உலோகத்துக்குள் ஒளி போகாது. திரும்பும் ஒளியே பொன்னிறமாகத் திரும்பும். ஆகவே ஜரிகை எப்படித் தெரியும் என்பதைச் சுற்றிலும் இருப்பவையே தீர்மானிக்கும். எதிரே வெள்ளைச் சுவர் இருந்தால் பொன்னாகத் தெரியும். இருட்டு அறை இருந்தால் கறுத்துப்போகும்.

வடிவத்துக்கும் இதில் பங்குண்டு. மேசையில் தட்டையாக விரித்த பட்டில் மினுக்கு ஒரே சீராகப் பரவி, சாதாரணத் துணி போலாகிவிடும். அதையே கொசுவம் போல மடித்துப் பிடியுங்கள். ஒவ்வொரு மடிப்பின் முதுகிலும் மெல்லிய ஒளிக்கோடு ஓடும். கோடு ஒடுங்கி, விளிம்பு கூராக இருந்தால் வழவழப்பான பொருள் என்று கண் முடிவு கட்டும். அகன்று மங்கினால் சொரசொரப்பு என்று எண்ணிக்கொள்ளும்.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஃபிளெமிங், ட்ரார், ஏடல்சன் ஆகிய மூவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஒற்றைப் புள்ளி விளக்கைவிட நிஜ உலகச் சூழலின் ஒளியில்தான் மனிதர்கள் பளபளப்பைச் சரியாக மதிப்பிட்டார்கள். 2007-ல் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே பொருட்தன்மையை வெவ்வேறு வடிவங்களில் காட்டிப் பார்த்தார்கள். வடிவம் மாறினால் மதிப்பீடும் மாறியது. நுணுக்கமான வித்தியாசங்களைப் பிரித்தறிய வெறும் கோளம் நல்ல வடிவமல்ல என்றும் தெரிந்தது.

கடை விற்பனையில் சேர்பவருக்கு

இரண்டு புடவையை ஒப்பிட்டுக் காட்டும்போது இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே மடிப்பில் வையுங்கள். ஒன்று பொம்மையின் மேலும் மற்றொன்று மேசையிலும் இருந்தால், வாடிக்கையாளர் ஒப்பிடுவது துணியை அல்ல.

மஞ்சள் ஒளி விளக்கில் சிவப்பும் மாம்பழ மஞ்சளும் ஜரிகையும் தூக்கலாக இருக்கும். நீலமும் ஊதாவும் மங்கும். வெள்ளை டியூப் லைட்டில் கதை தலைகீழ். இதை வாடிக்கையாளர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்: "அக்கா, இந்த நீலம் வெளியில இன்னும் பளிச்சுன்னு இருக்கும், வாங்க காட்டறேன்." அந்த ஒரு வார்த்தையில் வரும் நம்பிக்கை பத்துப் புடவையை உருவிப் போட்டாலும் வராது.

பாவில் ஒரு நிறம், ஊடையில் வேறு நிறம் போட்டு நெய்த மயில்கழுத்து போன்ற இரட்டை நிறப் புடவையை மடித்து, மெல்லத் திருப்பிக் காட்டுங்கள். கோணம் மாறும்போதுதான் இரண்டாவது நிறம் எழும்பும்.

படம் எடுப்பவருக்கு

இணையத்தில் புடவை விற்பவரின் தலைவலி, "படத்துல ஒரு நிறம், கையில ஒரு நிறம்" என்று திரும்பி வரும் பார்சல்தான். இதைக் குறைக்கச் சில வழிகள்:

1. ஜன்னல் வெளிச்சத்தையும் எல்இடி விளக்கையும் கலக்காதீர்கள். ஏதாவது ஒன்றோடு நில்லுங்கள். விளக்கு வாங்கினால், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 95-க்கு மேல் இருக்கட்டும். மலிவான எல்இடிகள் அடர் சிவப்பில் தடுமாறும். அரக்கும் மெரூனும் அதனால்தான் கெடுகின்றன.

2. வடக்கு ஜன்னலில் நேர்வெயில் வராது என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். காஞ்சிபுரம் வட்டாரத்தில் சித்திரைப் பாதியிலிருந்து ஆடி முடியும்வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கேதான் நிற்கிறது. அந்த மாதங்களில் ஜன்னலில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டிவிடுங்கள், ஒளி மென்மையாகும்.

3. ஜரிகைக்கு நேரே ஃபிளாஷ் அடித்தால் சில இடம் வெளுத்துப்போகும், மற்ற இடம் கறுக்கும். ஒளி பக்கவாட்டில் வரட்டும். எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிறுத்துங்கள். ஜரிகை அந்த வெள்ளையைப் பிரதிபலித்துப் பொன்னாகும்.

4. ஒரு புடவைக்கு மூன்று காட்சிகள் தேவை: நிறத்துக்குத் தட்டையாக விரித்த படம், மினுக்குக்கு மடித்த படம், இரட்டை நிறத்துக்குத் திருப்பிக் காட்டும் சிறு வீடியோ. போனில் ஒயிட் பேலன்ஸைப் பூட்டிவிட்டே தொடங்குங்கள்.

சாயம், தரச் சோதனை

இரண்டு நூல்கள் ஒரு விளக்கில் ஒன்றாகவும் வேறொரு விளக்கில் வேறாகவும் தெரிவதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். வெவ்வேறு சாயக் கலவையில் ஒரே நிறத்தை எட்டும்போது இது வரும். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் இதற்கென்றே லைட் பாக்ஸ் வைத்திருக்கிறார்கள். பகல் ஒளிக்கு டி65, ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு டிஎல்84, குண்டு பல்புக்கு ஏ என்று மாற்றி மாற்றி எரியவிட்டுப் பார்ப்பார்கள். இந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போவது நல்லது. நெசவுக் குறையைக் கண்டுபிடிக்கவும் ஓர் உபாயம்: துணியோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் ஒளி அடியுங்கள். அறுந்த இழையும் தளர்ந்த ஊடையும் நிழலோடு எழுந்து நிற்கும்.

முறையாகக் கற்க விரும்புவோருக்குக் காஞ்சிபுரத்திலேயே மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. கைத்தறித் தொழில்நுட்பப் பட்டயம் படிக்கச் சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் உண்டு.

வரைகலைக்குப் போகிறவருக்கு

விளம்பரம், சினிமா, விளையாட்டு நிறுவனங்களில் லைட்டிங், டெக்ஸ்சர் கலைஞராகச் சேர நினைத்தால், நீங்கள் செய்த பட்டுத் துணியைக் கோளத்தில் ஒட்டி மட்டும் காட்டாதீர்கள். மேடுபள்ளமுள்ள வடிவத்திலும் தொங்கும் மடிப்பிலும் காட்டுங்கள். ஒற்றை விளக்கில் நிறுத்தாமல், நிஜ இடத்தில் பதிவுசெய்த சூழல் ஒளியையும் பயன்படுத்துங்கள். ஒரே பட்டு, மூன்று வெளிச்சம், இரண்டு வடிவம் என ஆறு படங்கள் கொண்ட தொகுப்பு, ஐம்பது அலங்காரப் படங்களைவிட உங்கள் திறமையைத் தெளிவாகச் சொல்லும்.

ஓர் எச்சரிக்கை

பாலியஸ்டர் ஜரிகையும் சரியான விளக்கின் கீழ் அசல் போலவே ஜொலிக்கும். மினுக்கு தரத்துக்குச் சான்றல்ல. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பட்டுக்கு 'சில்க் மார்க்' இருக்கிறது. ஜரிகையில் வெள்ளியும் தங்கமும் எவ்வளவு என்பதைச் சோதனைக் கருவி சொல்லும். வாடிக்கையாளர் கேட்டால் அவற்றைக் காட்டுங்கள். விளக்கை வைத்துப் பொருளின் உண்மை நிறத்தைக் காட்டுபவரைத் தேடி மறுபடியும் ஆள் வரும். மட்டமானதை உயர்வாகக் காட்டியவரிடம் ஒரு கல்யாணத்துக்கு வந்த குடும்பம் அடுத்த கல்யாணத்துக்கு வராது.