புதிய மோட்டார் சைக்கிளும் முதல் ஆயிரம் கிலோமீட்டரும்

இருசக்கர வாகனக் கடன் பெற வரும் வாடிக்கையாளர்கள் வட்டி விகிதத்தையும் தவணைத் தொகையையும் கேட்காமல் இருப்பதில்லை. வண்டியை முதல் மாதத்தில் எவ்வாறு ஓட்ட வேண்டும் என்று கேட்பவர் அரிது. அதைச் சொல்வது வங்கியின் வேலை அன்று என்பதும் உண்மையே. ஆயினும், 36 மாதத் தவணை முடியும்வரையிலாவது அந்த என்ஜின் நலமாக ஓட வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் அக்கறை உண்டு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பணியில் சேர்ந்த புதிதில், நாக்பூரில் இருந்தபோது, கடனில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். மூன்றாம் நாளே, மே மாத வெயிலில், நண்பரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு வார்தா வரை முழு வேகத்தில் நிறுத்தாமல் சென்று வந்தேன். முதல் சர்வீஸையும் நேரமில்லை என்று தள்ளிப்போட்டேன். ஓராண்டுக்குள் சைலன்சரில் நீலப் புகை வந்தது. ஆயில் அளவு குறைந்துகொண்டே போயிற்று. சிலிண்டரை ரீபோர் செய்து புதிய பிஸ்டன் போட வேண்டியதாயிற்று. தவணையோ பாதிகூட முடிந்திருக்கவில்லை.

சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். உண்மையில், தொழிற்சாலையிலேயே அதன்மீது மிக நுண்ணிய கோடுகளை ஒன்றையொன்று வெட்டும்படி கீறிவிடுகிறார்கள். அக்கோடுகளின் பள்ளத்தில் ஆயில் தங்குகிறது. மேடுகளின்மீது பிஸ்டன் ரிங்குகள் உரசி, சிறிது சிறிதாக ஒன்றோடொன்று படிகின்றன. சரியாகப் படிந்தால்தான் எரியும் வாயு கீழே கசியாது. ஆயிலும் மேலேறி எரியாது. இந்தப் படிமானம் பெரும்பாலும் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் நடந்து முடிகிறது.

முழு வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால், இன்னும் படியாத உலோகப் பரப்புகள் மிகையாகச் சூடேறிக் கீறல் விழும். அதற்கு அஞ்சி ஆமை வேகத்தில் உருட்டுவதும் தவறே. ரிங்கைச் சுவரோடு அழுத்தி வைப்பது எரியும் வாயுவின் அழுத்தம். என்ஜினுக்கு ஓரளவு வேலை கொடுத்தால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். 'நாற்பதைத் தாண்டாதே' என்று பெரியவர்கள் சொன்ன அறிவுரை பாதி சரி. ஒரே வேகத்தில் நெடுநேரம் செல்லாமல், கையேட்டில் குறித்த வரம்புக்குள் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், கியரை மாற்றியும் ஓட்டுவதே முறை. வரம்பு ஒவ்வொரு மாடலுக்கும் வேறுபடும் என்பதால் பக்கத்து வீட்டாரின் வண்டியை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். உயர்ந்த கியரில் என்ஜின் திணறத் திணற ஆக்சிலரேட்டரை முறுக்குவதும், நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடவிடுவதும் கூடாது.

பால் கேன், காய்கறி மூட்டை என்று வண்டி வாங்கிய மறுநாளே தொழிலுக்குப் போக வேண்டியவர்கள் பலர். அவர்களை ஒரு மாதம் பொறுக்கச் சொல்வது நியாயமன்று. இயன்றால் முதல் 500 கிலோமீட்டருக்குச் சுமையை இரு நடையாகப் பிரித்துக்கொள்ளலாம். இயலாவிடில், மேட்டில் முன்கூட்டியே கியரைக் குறைத்து ஏறலாம்.

படியும்போது தேய்ந்த உலோகத் துகள்கள் ஆயிலில் கலக்கின்றன. ஆகவேதான் முதல் சர்வீஸில் ஆயிலை மாற்றுகிறார்கள். கிலோமீட்டர் கணக்கோ நாள் கணக்கோ, எது முன்னர் வருகிறதோ அதன்படி செல்க. சர்வீஸ் இலவசமென்றாலும் ஆயிலுக்குப் பொதுவாக நாமே பணம் தர வேண்டும். அந்தச் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தவே பலர் தள்ளிப்போடுகிறார்கள். வணிகவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கணக்கு விளங்குவதில்லை. வழக்கமான வாகனக் காப்பீட்டில் என்ஜின் தேய்மானமும் இயந்திரப் பழுதும் அடங்கா. உரிய காலத்தில் சர்வீஸ் செய்யாவிடில் நிறுவனத்தின் வாரன்டியும் கைநழுவக்கூடும். பழுதுச் செலவும் மாதத் தவணையும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

புதிய டயரும் பிரேக்கும்கூடப் பழகும்வரை முழுப் பிடிமானம் தாரா. முதல் சில நாள் வளைவுகளில் நிதானம் தேவை. சர்வீஸ் ரசீதில் கிலோமீட்டர் அளவு குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து வாங்கி, கடன் ஆவணங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.