ஊர்ப்பேச்சு தடையா?

கார்ட்டூன், சீரியல் டப்பிங்கில் சேர ஆசை. ஊர்ப்பேச்சு தடையாகுமா? – வாசகர், தலத்தெரு, காரைக்கால்

ஆகவே ஆகாது! பக்கத்து நாகப்பட்டினத்தில் வளர்ந்த நடிகர் எம்.எஸ்.பாஸ்கர் டப்பிங்கில் உழைத்தவர்தான். 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' தொடரில் பட்டாபியாக வீடுதோறும் அறிமுகமானார்; 'பார்க்கிங்' படத்துக்குத் தேசிய விருதும் பெற்றார்.

டப்பிங்கில் ஒரே குரல் நாயகனாகவும் வில்லனாகவும் மாறலாம்: நடிகர் அரவிந்த்சாமி, 1994 'லயன் கிங்' படத்தின் தமிழ்ப் பதிப்பில் நாயகன் சிம்பாவின் குரல். 2019 'லயன் கிங்' தமிழ்ப் பதிப்பில் வில்லன் ஸ்காரின் குரல்!

இதற்குப் பயிற்சி வேண்டும். திரையில் உதடு ஒட்டும் இடத்தில் 'ப', 'ம' விழ வேண்டும். பாத்திரம் மூச்சு வாங்கினால் பேசுபவரும் வாங்க வேண்டும். ஒரு கார்ட்டூன் காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, செல்போனில் பதிவுசெய்து பழகுங்கள். ஊர்ப்பேச்சை விட்டுவிடாதீர்கள், பொதுத்தமிழும் கூடவே கைவரட்டும்.

மைக் முன் பேசிப் பழக, காரைக்கால் வானொலி நிலையத்தில் பகுதிநேர அறிவிப்பாளர் தேர்வு எப்போது என்று விசாரித்து வையுங்கள். சென்னையில் டப்பிங்கையே தொழிலாக்க, டப்பிங் யூனியன் உறுப்பினர் அட்டை அவசியம்.