மறுபடியும் கத்தியா?

உடல் எடை குறைய இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டு இரண்டு மாதமாகிறது. சில நாட்களாக இட்லியை விண்டு போட்டாலும் இறங்காமல் வாந்தியாகிறது. கஞ்சி மட்டும் தங்குகிறது. மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்குமோ? — ஒரு வாசகி, மதுரை

அநேகமாக வேண்டியிராது, அம்மா. சிறு பையாக்கப்பட்ட இரைப்பையைக் குடலோடு இணைத்த வாயானது, புண் ஆறுகையில் தழும்பேறிச் சுருங்கிப்போவது இந்தச் சஸ்திர சிகிச்சைக்குப் பின் முதல் சில மாதங்களில் நேரக்கூடியதே. கெட்டியான ஆகாரம் தடைப்பட்டு நீராகாரம் மட்டும் இறங்குவதே அதன் பிரதான லக்ஷணம். தூங்க மருந்து கொடுத்து, வாய் வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, அவ்விடத்தில் ஒரு சிறு பலூனை வைத்து நீரேற்றி, 10 மில்லிமீட்டருக்கும் குறைந்துவிட்ட துவாரத்தை 12 முதல் 15 வரை விரித்துவிடுகிறார்கள். ஒரே தடவையில் மிகுதியாக விரித்தால் கிழிந்துவிடும் அபாயம் உண்டாதலால், நிதானமுள்ள வைத்தியர் இரண்டு மூன்று தவணைகளாகச் செய்வார்; பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகிறார்கள்.

எனக்குப் பெருங்கவலை வேறொன்று: தொடர் வாந்தியால் பி1 வைட்டமின் வற்றி, நடை தள்ளாடவும் பார்வை இரட்டிக்கவும் கூடுமாதலால், குளுகோஸ் ஏற்றுமுன் தையமின் ஊசி போடும்படி நீங்களே கேளுங்கள். மூட்டுவலிக்கென்று புரூஃபன் வகை மாத்திரை விழுங்குவதுண்டானால், புண்ணை வளர்க்கும் அதை உடனே நிறுத்துங்கள். ஆபரேஷன் செய்த வைத்தியரை நாளையே பாருங்கள். தண்ணீரும் தங்காமற்போனால் இன்றிரவே.