கைபேசியில் போகும் பணம்

கேள்வி: கைபேசிச் செயலிகளால் ஏழை நாடுகள் முன்னேறும் என்கிறார்களே, இது மெய்தானா?

பதில்: மெய்யும் உண்டு; மிகையும் உண்டு. மெய்யைக் காண விரும்புவோர் கென்ய தேசத்தை நோக்கலாம். நைரோபியில் கூலிவேலை செய்து, கிராமத்திலிருக்கும் குடும்பத்துக்குப் பணம் அனுப்ப விரும்பிய ஒருவன், ஊருக்குப் போகும் பஸ் ஓட்டுநரிடமோ தெரிந்தவரிடமோ அதை ஒப்படைத்துவிட்டு, போய்ச் சேரும்வரை மனக்கிலேசத்தோடு காத்திருந்த நிலைமையை, 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சஃபாரிகாம் கம்பெனி தொடங்கிய எம்-பெசா என்னும் கைபேசிப் பண ஏற்பாடு பெரிதும் மாற்றிற்று. பாங்குக் கணக்கு வேண்டியதில்லை. விலையுயர்ந்த கருவியும் வேண்டியதில்லை. பித்தான்களை அழுத்தும் சாதாரணக் கைபேசியே போதும். பெட்டிக்கடைக்காரரே ஏஜெண்டாக இருந்து ரொக்கத்தை வாங்கவும் கொடுக்கவும் செய்வார். சிறுகடன் தவணைகளை வசூலிப்பதற்கென்று முதலில் யோசிக்கப்பட்ட இந்த உபாயத்தை, ஜனங்கள் தாமாகவே உறவினருக்குப் பணம் அனுப்பும் சாதனமாக்கிக்கொண்டார்கள் என்பதே (நிபுணர்கள் மன்னிப்பார்களாக) இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்னும் இருவர் 2016இல் சயன்ஸ் சஞ்சிகையில் வெளியிட்ட ஆராய்ச்சி, எம்-பெசாவினால் ஏறத்தாழ 1,94,000 குடும்பங்கள் வறுமையினின்று மீண்டதாகவும், பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களே அதிகப் பயனடைந்ததாகவும் மதிப்பிட்டது.

ஆயினும், அதே கைபேசி வழியே, ஈடு கேளாமல் நிமிஷத்தில் கடன் கொடுக்கும் செயலிகளும் பின்னால் பெருகி, கடும் வட்டியாலும், தவணை தவறியவரின் உறவினரையும் நண்பரையும் அழைத்து அவரை அவமானப்படுத்தும் வழக்கத்தாலும் துன்பம் விளைத்தமையால், 2022இல் அந்நாட்டு மத்திய பாங்கு அவற்றுக்கு லைசென்ஸ் முறையை விதிக்க நேர்ந்தது.