கணினித் திரையும் கடை வெளிச்சமும்

நமது வணிக சகோதரர்களுள் அனேகர் காலையில் கல்லாவில் அமர்ந்தால், தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் எழுவதைத் தவிர, இஷா வரையில் அவ்விடத்தை விட்டு அகலாதவர்கள். முன்பெல்லாம் அவர்கள் கண்முன் இருந்தவை பேரேடும் வாடிக்கைக்காரர் முகமும். இன்று இருப்பது கணினித் திரை. 2015 ஏப்ரல் 1-இல் பொருள் சேவை வரி வந்தபோது சிறு கடைக்காரர்களும் கணினி வாங்கினார்கள். 2018-இல் அந்த வரி போயிற்று, கணினி போகவில்லை. 2024 ஆகஸ்டு 1 முதல் இ-இன்வாய்ஸ் முறை பெரிய நிறுவனங்களில் தொடங்கிக் கட்டங்கட்டமாகப் பரவியது. போதாததற்குக் கைப்பேசியும் உண்டு. அஸருக்குள் கண் எரிகிறது, நெற்றி கனக்கிறது என்று பலர் முறையிடுவதில் வியப்பில்லை.

ஒளிக்கும் கண்ணுக்கும் உள்ள சம்பந்தத்தை உலகுக்குத் தெளிவாக்கியவர் நம் முன்னோருள் ஒருவரே. பஸராவில் ஏறத்தாழ 965-இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு ஹைஸம், 'கிதாபுல் மனாளிர்' என்னும் நூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்று யூக்ளிடும் தாலமியும் சொல்லி வந்ததை அவர் மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்றார். அதற்கு அவர் காட்டிய ஆதாரங்களுள் ஒன்று மிக எளியது: கடும் ஒளியைப் பார்த்தால் கண் நோகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் கண்ட அந்த நோவைத்தான் நாம் கடைக்குள் விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கிறோம்!

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள பழைய கடைவீடுகளைப் பாருங்கள். முகப்பு குறுகல், உள்ளே நீளம். கல்லா அனேகமாக ஐந்தடியை ஒட்டியே இருக்கும். முதலாளி சாலையைப் பார்த்து அமர்வார்; திரையின் முதுகு சாலைப் பக்கம். நண்பகல் வெயில் தாரில் பட்டு எதிரே பளீரென்று அடிக்க, அதற்கு நடுவே மங்கலான திரையில் சிறு எழுத்தைப் படிக்க வேண்டும். கண்ணின் பாவை வெயிலுக்குச் சுருங்குவதா, திரைக்கு விரிவதா? திருப்பி அமர்ந்தாலோ முதுகுப்புற வெளிச்சம் முழுவதும் திரையில் விழுந்து பிரதிபலிக்கும். இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே. மேசையைக் குறுக்கே போட்டு, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்படி செய்வது. வாசலைப் பார்க்கவும் தலையைச் சற்றுத் திருப்பினால் போதும். காசு செலவில்லாத காரியம் இது. ஆனால் கல்லாவின் திசையை மாற்றச் சொன்னால் நம்மில் சிலர் ராசியைப் பற்றிப் பேச ஆரம்பித்து விடுகிறார்கள்! அது நம் மார்க்கம் சொன்னதன்று.

கடையின் பின்புறத்துச் சரக்கறையில் நிலைமை வேறு. அங்கே ஒளி போதாது. மலேசியாவின் எம்.எஸ். 1525 என்னும் தர நிர்ணயம் அலுவலக வேலைக்கு 300 முதல் 400 லக்ஸ் ஒளி வேண்டுமென்கிறது. மசாலைத் தூளும் எண்ணெய்ப் புகையும் படிந்த விளக்கு தன் ஒளியில் பெரும்பங்கை இழந்துவிடும். ஈரத்துணியால் துடைத்தாலே வித்தியாசம் தெரியும், ஆனால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் துடைக்க வேண்டும். அறுபது வயதுக்காரரின் விழித்திரையை அடையும் ஒளி இருபது வயதுக்காரருக்கு அடைவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆகவே மகனுக்குப் போதுமான விளக்கு தகப்பனாருக்குப் போதாது. வேடிக்கை என்னவெனில், சிக்கனம் கருதி விளக்கை அணைத்துக்கொண்டு வருகிறவர் தகப்பனாராகவே இருக்கிறார்.

அடுத்தது இமை. ஜப்பானிய மருத்துவர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரி 22 முறை இமைத்தவர்கள், புத்தகம் படிக்கையில் 10 முறையும், கணினித் திரையைப் பார்க்கையில் 7 முறையுமே இமைத்தார்கள். இமைக்காத கண் உலர்ந்து எரிகிறது. மின்விசிறியோ குளிர்சாதனமோ நேரே முகத்தில் வீசினால் இன்னும் மோசம். லுஹருக்கும் அஸருக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மணி நேரம் இருக்கிறது. அத்தனை நேரம் கண் ஓய்வின்றி இருத்தலாகாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபதடி தூரத்திலுள்ள ஒன்றை இருபது விநாடி பார்க்கச் சொல்கிறார்கள். எதிர்ச்சாரிக் கடையின் பெயர்ப்பலகையே போதும்.

நாற்பதைக் கடந்தவர்களுக்கு மூக்குக்கண்ணாடியிலும் கவனம் வேண்டும். திரை இருக்க வேண்டிய தூரம் 50 முதல் 70 சென்டிமீட்டர். படிக்கும் கண்ணாடியோ அதைவிட அருகே பார்ப்பதற்கு அளந்தது. இரட்டைப் பார்வைக் கண்ணாடிக்காரர் கீழ்ப்பாதி வழியே பார்க்கத் தலையை அண்ணாந்து கழுத்து வலியும் சேர்த்துக்கொள்கிறார். திரையின் தூரத்தைக் கண்ணாடிக்கடையில் சொல்லி அளவெடுக்க வேண்டும். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று அதிக வெள்ளி கேட்டால் யோசியுங்கள். 17 சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்த 2023-ஆம் ஆண்டுக் காக்ரேன் ஆய்வில், குறுகிய காலத்தில் அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை.

சிப்பந்திகளின் கண்ணும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் மொத்த, சில்லறை வணிகத்துக்கும் உணவகங்களுக்கும் தொடக்கம் முதலே உரியது. திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் அனேகமாக எல்லா வேலையிடங்களையும் தழுவுகிறது. இரவெல்லாம் திறந்திருக்கும் கடையில் கணக்குப் பார்க்கும் பையனுக்கு நல்ல விளக்கும் இடையிடையே எழுந்து நிற்கும் அனுமதியும் தருவது முதலாளியின் கடமை.

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் பார்வையற்றோருக்காகப் பதித்த புடைத்த கற்களை நாம் தினமும் மிதித்து நடக்கிறோம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. திரையைப் பார்ப்பதால் வரும் சோர்வு ஒருவரைக் குருடாக்குவதில்லை, ஓய்வில் தீர்ந்துவிடும். சர்க்கரை வியாதி அப்படியன்று. 2023-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு அவ்வியாதி இருந்தது. அது விழித்திரையின் நரம்பிழைகளையும் இரத்த நாளங்களையும் சத்தமின்றிச் சிதைக்கும். மங்கலைத் திரையின் மேல் பழிபோட்டு இருந்துவிடாமல், சர்க்கரையுள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை பாவையை விரித்து விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். திடீரென்று மின்னல் போல் ஒளி தெரிந்தாலோ, ஒரு பக்கம் திரை விழுந்தாற்போல் மறைத்தாலோ, கடையை மூடும் வரை காத்திராமல் அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்லவும்.